பாதிப் போர்வை

சமையல் மேடையில், டோஸ்டருக்கும் நாயின் மருந்து டப்பாவுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்த மகளின் டேப் கணினி மறுபடியும் "டிங்" என்றது. அதைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு நாடின் பாத்திரம் துலக்கினாள். ஏற்கெனவே துலக்கிய பாத்திரம்தான்.

"மேரன், உன் காலேஜ்லேர்ந்து என்னமோ வருது பாரு."

"ரூம்மேட்டா இருக்கும்மா." மகள் ஆரஞ்சுச் சாற்றை அட்டைப் பெட்டியோடு வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பதில் போட்டியா?"

"போடணும்."

"எப்ப போடுவ, அவ கல்யாணத்துக்கா?"

"பாக்கலாம்."

"சரி, இந்த டேப்பையாவது மூடி வைக்கட்டுமா?"

"வேணாம், அது பாட்டுக்குத் திறந்து கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மேரன் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் கோடை வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

நாடின் ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். கணவர் விவாகரத்துக் காகிதத்தோடு கோல்ஃப் பையையும் எடுத்துக்கொண்டு அரிசோனா போய் வெகு காலமாகிறது. வீட்டில் அவளும் மகளும் ஒரு கிழட்டு நாயும்தான். செப்டம்பரில் மகள் அயோவா சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஆல்டன்ஃபீல்டு கல்லூரிக்குப் போகிறாள். அங்கே படிக்கும் மொத்தப் பிள்ளைகளும் ஒரே சினிமாத் தியேட்டரில் அடங்கிவிடுவார்கள்.

அதுதான் நாடினுக்குக் கவலை. மேரனுக்கு இருந்த ஒரே சிநேகிதி டெக்சாஸுக்குக் குடிபோனதிலிருந்து, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டை நூலக மூலையில் தனியாகவே சாப்பிட்டு முடித்தவள் அவள். பெரிய பல்கலைக்கழகம் என்றால் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். ஆல்டன்ஃபீல்டில் இருப்பது ஒரே சாப்பாட்டுக் கூடம். தனியாகத் தட்டோடு உட்கார்ந்தால் கல்லூரித் தலைவர் வரைக்கும் பார்ப்பார். அறையில் கூட இருக்கப் போகிறவளும் கைவிட்டால் நாலு வருஷம் என் பிள்ளை என்ன செய்யும்?

டேப் "டிங்" என்றது. நாடின் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஹாய், நான் லினியா, மினசோட்டா. நம்ம ரெண்டு பேரும் ஒரே ரூம். பிரிட்ஜ் நீ கொண்டு வரியா, நான் கொண்டு வரட்டுமா?"

அதற்குக் கீழே, "ஜன்னல் பக்கம் வேணும்னா நீயே எடுத்துக்கோ."

அதற்கும் கீழே, இப்போது வந்தது: "ஹலோ?"

அந்த ஒற்றை "ஹலோ?"வைத்தான் நாடினால் தாங்க முடியவில்லை. ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள், வீட்டில் ஆள் இருந்தும் யாரும் திறக்கவில்லை என்றால் என்ன மரியாதை? ஒரே ஒரு பதில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். மேரன் மாதிரியே போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது.

"ஹாய். பிரிட்ஜ் நீ கொண்டு வா. ஜன்னலும் உனக்கே."

முடியவில்லை. சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்தபோது நீளமாக ஒரு பதில் காத்திருந்தது. உனக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று லினியா கேட்டிருந்தாள். மேரனுக்குப் பிடித்தது நத்தைகள். அவற்றைப் பற்றி விடாமல் பேசுவாள். அதை எழுதினால் அந்தப் பெண் அறையை மாற்றிக்கொண்டு ஓடிவிடும் என்று பயந்து, நாடின் கைக்கு வந்ததை எழுதினாள்: "புளிப்புச் செர்ரி ஜாம் போடுவேன். கம்பளி பின்னுவேன்."

"நானும் பின்னுவேனே" என்று உடனே வந்தது பதில்.

அப்புறம் என்ன, தினமும் பேச்சுதான். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை. பேசி முடித்ததும் டேப்பைப் பழைய கோணத்திலேயே டோஸ்டர் மேல் சாய்த்து வைத்துவிடுவாள், திருடன் கைரேகையைத் துடைப்பது போல. மேரன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

லினியா தங்கமான பெண்ணாக இருந்தாள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனைக் கீழ வைக்கிறதே இல்ல" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். "மழை வரும்போல இருக்கு, முட்டி சொல்லுது" என்றாள் இன்னொரு நாள். பதினெட்டு வயதில் எவ்வளவு பக்குவம் என்று நாடின் மலைத்துப் போனாள். முட்டிக்காக வருத்தமும் பட்டாள்.

ஜூலை கடைசியில் லினியா ஒரு யோசனை சொன்னாள். "நம்ம ரூமுக்கு ஒரு போர்வை பின்னலாமா? கடுகு மஞ்சள், நீலம். இடது பாதி நான், வலது பாதி நீ. அங்க வந்து நடுவுல சேர்த்துத் தைச்சிடலாம்."

நாடின் "சரி" என்று போட்டுவிட்டுத்தான் யோசித்தாள். மேரனுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது.

"மேரன், இங்க வா. கம்பளி பின்னக் கத்துத் தரேன்."

"எதுக்கும்மா?"

"இப்ப காலேஜ்ல எல்லாப் பிள்ளைங்களும் இதான் செய்யுதாம். அயோவா குளிரு."

"எந்தக் காலேஜ்ல?"

"எல்லாக் காலேஜ்லயும்தான். வாயாடாம உக்காரு."

மேரன் உட்கார்ந்தாள். முணுமுணுக்காமல், தினமும். அவள் பின்னியது போர்வையாகவும் வரவில்லை, மீன் வலையாகவும் வரவில்லை. நாயின் மேல் போட்டுப் பார்த்ததில் அது எழுந்து வெளியே போய்விட்டது. வலது பாதியை நாடினே கார் கொட்டகையில் ஒளிந்து உட்கார்ந்து பின்ன வேண்டியதாயிற்று.

அங்கேதான் அவள் தம்பி ட்வைட் அவளைப் பிடித்தான். மகளைக் கொண்டுபோய் விட அவனுடைய பிக்கப் வண்டிதான் போகிறது. டயரைப் பார்க்க வந்தவன், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே மஞ்சள் நூலோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து நின்றுவிட்டான்.

"யாருக்குக்கா குழந்தை?"

"வாயைக் கழுவு" என்றவள், வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ட்வைட் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். "அப்ப ஒரு மாசமா நீ பதினெட்டு வயசுப் பொண்ணா இருக்க."

"அவளுக்காகத்தான்டா. யாரோடயும் பேச மாட்டா. நான் கொஞ்சம் ஆரம்பிச்சு வெச்சா, அங்க போய் அவ பிடிச்சுக்குவா."

"யாருக்குக் காது குத்துற? போன வருஷம் பூரா நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. இப்பப் பாட்டுப் பாடிக்கிட்டு நூல் சுத்துற. சரி, அவ கெளம்பினதும் நீ என்ன பண்ணப் போற?"

"எனக்கென்ன, டாக்டர் ஆபீஸ்ல நாள் பூரா போன் அடிக்குது."

"பல்லு வலின்னுதானே அடிக்குது?"

நாடின் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னினாள்.

"மரியாதையா இப்பவே சொல்லிடு" என்றான் ட்வைட். அவள் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றாள்.

அடுத்த வாரம் நீச்சல் வந்து சேர்ந்தது. ஆல்டன்ஃபீல்டில் பட்டம் வாங்க வேண்டுமானால் குளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீந்திக் காட்ட வேண்டும். கவிதை படித்தவனுக்கும் அதே சட்டம்தான். "எனக்குத் தண்ணின்னாலே உதறும்" என்று லினியா எழுதினாள். மனசு கேட்காமல் நாடின், "பயப்படாத, நான் நல்லா நீந்துவேன், பக்கத்துலயே வரேன்" என்று எழுதிவிட்டாள். நீச்சல் குளம் இருக்கும் தெருவையே தவிர்ப்பவள் மேரன்.

மகளை ஊர் நீச்சல் குளத்தில் சேர்த்தாள். அங்கே பழகுபவர்களை ஜோடி ஜோடியாகத்தான் சேர்த்தார்கள். மேரனுக்கு ஜோடி கிடைக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் தாயும் மகளும் ஆளுக்கொரு மிதவைப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள். நாடின் ஈரத் தலையோடு வேலைக்குப் போனாள். பல் டாக்டர் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, வீட்டில் குழாய் கிழாய் வெடித்துவிட்டதா என்று கேட்டார்.

"எனக்காக நீ எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்படுற?" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே மேரன் கேட்டாள்.

"உடம்புக்கு நல்லது."

"யாரு உடம்புக்கு?"

"காலை உதை."

ஆகஸ்டில் கல்லூரி ஒரு யோசனை சொல்லி அனுப்பியது: ஒரே அறையில் தங்கப் போகிறவர்கள் வருவதற்குள் ஒரு தடவையாவது குரல் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். நாடின் ஓடிப்போய் டேப்பை எடுத்தாள். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார்" என்று முந்திக்கொண்டு எழுதினாள்.

"ஐயோ, எனக்கும் அதேதான்" என்று லினியாவிடமிருந்து உடனே வந்தது.

ஒற்றுமையைப் பார் என்று நாடினுக்கு உடம்பு சிலிர்த்தது. நாலாம் நாள் மேரன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஐந்து பாட்டில் தேன்.

"எனக்கு எதுக்கு இவ்ளோ தேன்?" என்றாள் மேரன்.

"காலேஜ்ல எல்லாருக்கும் அனுப்புறாங்களாம்."

"மினசோட்டாலேர்ந்தா?"

"காலேஜ் தேன் அங்கதான் எடுக்குது."

மேரன் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்ல காலேஜ்" என்று சொல்லி ஸ்பூனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே நாடின் செர்ரி ஜாம் பாட்டில்களைத் துண்டில் சுற்றி மினசோட்டாவுக்கு அனுப்பிவைத்தாள்.

கிளம்பும் நாள் வந்தது. பிக்கப்பில் மேரனின் பெட்டிகள், மின்விசிறி, நத்தைப் புத்தகங்கள், ஒரு தலையணை உறைக்குள் திணித்த வலது பாதி. வண்டி இண்டியானாவைத் தாண்டியதும் ட்வைட் கண்ணாடியில் அக்காவை முறைத்தான். நாடின் தொண்டையைச் செருமினாள்.

"மேரன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"அங்க போய்ச் சொல்லும்மா" என்று மேரன் காதில் இயர்போனை வைத்துக்கொண்டாள். இல்லினாய் முழுக்க நாடின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். இன்னும் சில மணி நேரத்தில் அந்தப் பெண் ஓடி வந்து என் மகளைக் கட்டிக்கொள்ளும், போர்வை எங்கே, தொண்டை எப்படி, எப்போது நீந்தலாம் என்று கேட்கும். இவள் திருதிருவென்று விழிப்பாள். முதல் நாளே பொய்க்காரி என்று பெயர் வாங்குவாள். இருந்த ஒரு வாய்ப்பையும் நானே கெடுத்துவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

விடுதி வாசலில் வண்டி நிற்பதற்குள், ஒரே நிறச் சட்டை போட்ட சீனியர் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்கினார்கள். மேரன் எதையோ எடுக்கப் போவதாகச் சொல்லி எங்கோ மறைந்தாள். இதுதான் சமயம். லினியாவைத் தனியாகப் பிடித்துக் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நாடின் தலையணை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்கு மூச்சிரைக்க ஏறினாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில், முட்டியில் பட்டை கட்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நாடின் வயதுதான் இருக்கும். மடியில் கடுகு மஞ்சளும் நீலமுமாகப் பாதிப் போர்வை. தலையணை உறையிலிருந்து எட்டிப் பார்த்த நூலை அவள் உற்றுப் பார்த்தாள்.

"மேரன்?" என்றாள் அந்தப் பெண்மணி.

"லினியா?" என்றாள் நாடின்.

பிறகு அந்தப் பெண்மணி முகம் சிவந்து சொன்னாள்: "என் பேரு கிரெட்சன். லினியா என் பொண்ணு. அவ போனை எங்கயாவது போட்டுட்டுப் போயிடுவா. நீங்க பதில் போட்டீங்க, அவ பாக்கவே இல்ல. மரியாதைக்கு ஒரு பதில் போடலாம்னு..."

"மரியாதைக்குத்தான் நானும்" என்றாள் நாடின். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கட்டிலில் விழுந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அந்த ஜாமை ஒரே வாரத்துல தீத்துட்டேன்" என்றாள் கிரெட்சன். "நீச்சல் கூடச் சேந்தேங்க. என் பொண்ணு தரதரன்னு இழுத்துட்டுப் போனா." சட்டென்று அவள் முகம் மாறியது. "பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா?"

"மானம் போயிடும்."

"ரெண்டும் ஒரு வார்த்தை பேசினது கிடையாதே. முன்னப் பின்ன தெரியாம ஒரே ரூம்ல என்ன பண்ணும்?"

நாடின் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பிரிட்ஜ் வந்தது. ஒரு பக்கம் மேரன், மறுபக்கம் கொக்கு மாதிரி உயரமான ஒரு பெண். "உன் பக்கம் தூக்குடீ, நத்தை" என்று அவள் சொல்ல, மேரன் சிரித்துச் சிரித்துத் தன் பக்கத்தைக் கீழே விட்டாள். அவள் அப்படிச் சிரித்து நாடின் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

"நீங்க... இப்பத்தான் பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் நாடின்.

மேரன் அம்மா முகத்தைப் பார்க்காமல், மாமா காத்திருப்பார் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். லினியா பிரிட்ஜைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு பாதிப் போர்வைகளையும் பார்த்துவிட்டு நாடின் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, முதல் மூணு மெசேஜ் மட்டும்தான் நான் போட்டது, அதுவும் மேரன் போன் பண்ணி, 'நான் கெளம்பிட்டா எங்கம்மாவுக்குப் பேச ஆளே இல்ல, உங்க வீட்லயும் அப்படி யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டுட்டு, 'கடைசியா ஒரு ஹலோ போடு, அதுக்கு மேல எங்கம்மா தாங்க மாட்டாங்க'ன்னு சொல்லிக் குடுத்ததாலதான்."