எனானு வீட்டுச் சனிக்கிழமையும் உறவு மேம்பாட்டு அதிகாரியும்

"அம்மா, பாடகருக்கும் கேட்கிறவங்களுக்கும் நடுவுல ஒரு இடைவெளி..."

"இடைவெளி எதுக்குங்கறேன்? நடுவுல வெங்காயம் போடப் போறீங்களா?"

"குறுக்கே பேசாதீங்க. இடைவெளி இருந்தாத்தான் மரியாதை..."

"என் வீட்டுல முழங்காலும் முழங்காலும் இடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவாங்க. இடிக்கலைன்னா பாட்டு எப்படிய்யா ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தாவும்?"

"தாவக் கூடாதுங்கறதுதான் திட்டமே!"

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பாடகனுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் ‘உறவு’ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க மட்டும் எங்கள் யிர்கா ஐயா பிறந்து வர வேண்டியிருந்தது. அதுவரை நாங்கள், எத்தியோப்பியாவில் கோண்டார் நகரத்துக்கு வடக்கே மலைச்சரிவில் கிடக்கும் இந்தச் சின்ன ஊர்க்காரர்கள், விவரம் தெரியாமல் சும்மா பாடிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் காலத்தை வீணடித்துவிட்டோம்.

ஐயாவின் பதவி, ‘பாடகர் – கேட்போர் உறவு மேம்பாட்டு அதிகாரி’. தலைநகரம் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடந்ததாம். உறவு என்றால் என்ன என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்களாம். ஓர் அம்பு. அது பாடகனிடமிருந்து புறப்பட்டுக் கேட்பவனைப் போய்த் தைத்தது. திரும்பி வரவில்லை.

"ஒருவழி அம்பும்மா. திரும்பி வந்தா அது உறவு இல்ல, கலவரம்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். தேன்மது காய்ச்சி விற்கிற கிழவிக்கு அம்பு பற்றி வகுப்பெடுக்க எத்தனை அதிகாரிகளுக்கு மனசு வரும்?

அவர் திருத்த வந்தது என் வீட்டைத்தான். சனிக்கிழமை மாலையானால் தக்னேவ், வில்லால் இழைத்து வாசிக்கிற தன் ஒற்றைத் தந்தி மசிங்கோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற அஸ்மாரிப் பரம்பரை. தலைநகரத்தில் விளக்கு வைத்த அரங்கத்துக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒருமுறை போனான். மறுநாளே திரும்பிவிட்டான். "அங்க எல்லாருக்கும் முகம் இருந்துச்சாம்மா. எனக்குத்தான் தெரியல. விளக்கு என் கண்ணுல" என்றான்.

எங்கள் ‘காட்டுமிராண்டிப் பழக்கம்’ இதுதான். பாட்டின் வரியைத் தக்னேவ் கட்டுவதில்லை. கூட்டத்தில் யாருக்காவது நாக்கு அரிக்கும். "பிடிச்சுக்கோ!" என்று கத்திவிட்டு ஒரு வசையைத் தூக்கிப் போடுவார்கள். அவன் அதைப் பிடித்து, மசிங்கோவில் இழைத்து, பத்து மடங்கு அழகாக்கிப் பாடுவான். யார்மேல் பாடினானோ அந்த ஆள் குடுவையைத் தூக்கி, "என்னுதுதான்!" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வீடு இடியும்படி சிரிப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால் பாட்டு அங்கேயே செத்துவிழும். வில்லைத் தூக்கிப் பிடித்தபடி தக்னேவ் அடுத்த வரிக்குக் காத்திருப்பான்.

கறிக்கடை ஃபெந்தாவுக்குப் போன மாதம் கிடைத்தது இது:

கறிய நிறுக்கும் ஃபெந்தா, கட்டை விரலும் நிறுப்பான்;
காசை வாங்கிப் போட்டுக்கிட்டு விரலை மட்டும் எடுப்பான்!

"என்னுதுதான்! விரலும் என்னுதுதான்!" என்று ஃபெந்தா கட்டைவிரலையே தூக்கிக் காட்டினான். மறுநாள் அவன் கடையில் கூட்டம் தாங்கவில்லை. எனக்கும் உண்டு:

எனானு வீட்டு மதுவைக் குடிச்சா எவனும் தள்ளாட மாட்டான்;
ஆத்துத் தண்ணி குடிச்சவன் போல அலுங்காம வீடு சேர்வான்!

"என்னுதுதான்டா படுபாவி!" என்றேன். எங்கள் ஊரில் ஒருத்தரைத் திட்டவில்லை என்றால் அவர் உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார் என்று பொருள்.

யிர்கா ஐயா இதையெல்லாம் கேள்விப்பட்ட மாத்திரத்திலேயே புரிந்துகொண்டார். "நகர மண்டபம் காலியா கிடக்கு. உங்க வீட்டுல இடமில்லாம வாசல்ல நிக்கறாங்க. இது சமநிலையே இல்ல. இனிமே பாட்டு மண்டபத்துல மட்டும்தான். உங்க சனிக்கிழமையை மூடிடுங்க."

"இது யாரு முடிவுய்யா?"

"என் முடிவு. என் சொந்த முடிவு. மேலிடத்துக்குக்கூட இன்னும் சொல்லல" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஐயா மிகுந்த துணிச்சல்காரர்.

எனக்கு இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் அதற்காகத் தேன் ஊறவைக்கிற நாள். தக்னேவிடம் சொன்னேன். அவன் மசிங்கோவின் தந்தியைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை போச்சுன்னா நான் கோண்டார் ஓட்டல்ல வெளிநாட்டுக்காரங்களுக்குப் பிறந்தநாள் பாட்டு வாசிக்க வேண்டியதுதாம்மா."

"போவியா?"

"வயிறு போகச் சொல்லும். கை வாசிக்கும். நான் போக மாட்டேன்."

ஐயாவோ நியாயவாதி. மூடுவதற்கு முன் பாடகனின் கருத்தையும் முறைப்படி கேட்டார்.

"உங்கள் விருப்ப அரங்கம் எது?"

"எங்கே கேக்கறவன் வாய்நாத்தம் என் மூக்குல அடிக்குதோ, அந்த இடம்யா."

"‘காற்றோட்டம் தேவை’ன்னு எடுத்துக்கறேன்" என்றார் ஐயா.

மண்டபத்தில் ‘உறவு மாலை’ நடந்தது. ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களும் உத்தரவின் பேரில் ஆர்வத்தோடு வந்திருந்தார்கள். தக்னேவுக்காக நானும் ஃபெந்தாவும் போயிருந்தோம். நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. உணர்ச்சிவசப்பட்டு யாரும் நெருங்கிவிடக் கூடாதல்லவா? மேடை ஆள் உயரம். ‘அமைதியே மரியாதை’ என்று ஒரு பலகை. தக்னேவ் மேலே ஏறியதும் விளக்கைப் போட்டார்கள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருட்டைப் பார்த்தான்.

"ஃபெந்தா, இருக்கியாடா?"

"இருக்கேண்ணே! வலதுபக்கம்!"

"அமைதி!" என்றது ஒலிபெருக்கி.

எங்கள் பழக்கத்தை ஐயா முற்றிலும் ஒழித்துவிட்டார் என்று சொல்வது அவதூறு. ஒழுங்குபடுத்தினார். ஓர் எழுத்தரைக் ‘கேட்போர் பிரதிநிதி’யாக நியமித்து, வரி கொடுக்கும் அதிகாரத்தை அவரிடமே ஒப்படைத்திருந்தார். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பிடித்துக்கொள்ளவும்!"

மாண்புமிகு மேம்பாட்டால் மக்கள் மனம் மகிழ்ந்தது;
கால்வாயின் முதல்கட்டம் கருத்துருவாய் முடிந்தது!

தக்னேவ் பிடித்துக்கொண்டான். என்ன செய்வான், தொழில் தர்மம். பாடி முடித்து வில்லைத் தூக்கி, "என்னுதுதான்" என்ற குரலுக்காகக் காத்திருந்தான். கால்வாய்க்குச் சொந்தக்காரர் யாரும் எழவில்லை. ஒரு இருமல் கேட்டது. பலகையைப் பார்த்து அந்த இருமலும் பாதியில் நின்றது.

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? மூச்சுவிடக்கூட மறந்துட்டாங்க! இதுதாம்மா உறவு!"

வெளியே வந்த தக்னேவ் என்னைக் கேட்டான்: "அம்மா, நான் பாடினேனா, இல்ல கல்லறைல பேர் படிச்சுட்டு வந்தேனா?"

மறு சனிக்கிழமை என் வீட்டுக்குக் கடைசிச் சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. அதை அறிவிக்க ஐயாவே நேரில் வந்தார். இதுவரை அவர் என் வீட்டுச் சனிக்கிழமையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்றை மூடுவதற்கு அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இடமில்லாததால் ஃபெந்தாவுக்கும் வாத்தியாரம்மா வுபாலெமுக்கும் நடுவே செருகி உட்கார வைத்தேன். முழங்கால் இடித்தது. குடுவையில் தேன்மது ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் தண்ணீர் கலக்கவில்லை.

"பிடிச்சுக்கோ!" என்றது ஒரு மூலை. பஸ் கண்டக்டருக்கு விழுந்தது. "பிடிச்சுக்கோ!" பாதிரியாரின் குறட்டைக்கு விழுந்தது. வுபாலெமின் மாமியாருக்கு விழுந்தது, அந்தக் கிழவி எழுந்து நின்றே "என்னுதுதான்!" என்று கத்தினாள். ஐயா முதலில் புருவம் சுளித்தார். பிறகு சிரித்தார். பிறகு மற்றவர்கள் சிரிக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது குடுவையும் காலியான பிறகு ஃபெந்தாவின் காதில் மெல்லக் கேட்டார்:

"ஏம்ப்பா, எம்மேல யாருமே ஒண்ணும் போடலியே?"

"உங்க மேலயா? மரியாதைக்குத்தான்யா."

"எல்லாருக்கும் விழுதே. நாய்க்குக்கூட விழுந்துச்சே."

"அது நம்ம ஊர் நாயாச்சேய்யா."

ஐயாவின் முகம் சுருங்கிப்போனது. பாட்டு நடுவே எழுந்து நின்றார். "எல்லாரும் கேளுங்க! எம்மேலயும் ஒரு பாட்டு நிக்கட்டும். நின்னுட்டா இந்த வீடும் நிக்கட்டும்!"

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. என் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு வசைதான் விலை! இவ்வளவு மலிவாக எந்த அரசாங்கம் கொடுக்கும்? நான் ஃபெந்தாவைப் பார்த்தேன். அவன் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"பிடிச்சுக்கோ!"

ஆள் உசரம் மேடை கட்டி ஆளை மேல ஏத்தினாரு;
பாட்டு கீழ வந்து சேர ஏணி வைக்க மறந்துட்டாரு!

தக்னேவின் மசிங்கோ குதித்தது. எல்லோரும் ஐயாவின் குடுவையைப் பார்த்தோம். அது பாதி உயரம் எழுந்து நின்றுவிட்டது.

"ஒரு சின்னத் திருத்தம். மேடை உயரத்தைத் தச்சர்தான் தீர்மானிச்சாரு. நான் ‘கொஞ்சம்’னுதான் சொன்னேன்."

பாட்டு செத்துவிழுந்தது. வில் மேலே போனது.

"நான் போடறேன்" என்றார் வுபாலெம். "பிடிச்சுக்கோ!"

பேசாதேன்னு பலகை வச்சுப் பேச்சையெல்லாம் நிறுத்தினாரு;
பலகையை யாரும் படிக்கலேன்னு ஒலிபெருக்கியில கத்தினாரு!

"பலகை முந்தைய அதிகாரி காலத்துது டீச்சர். நான் தூசிதான் தட்டினேன்."

"தூசி தட்டினதைப் பாடலாமா?"

"அதுவும் காவல்காரர்தான் தட்டினாரு."

"ஒலிபெருக்கி?"

"வாடகை."

"அம்பு?"

"பயிலரங்குது."

ஃபெந்தாவுக்கு வியர்த்துவிட்டது. "ஐயா, மீசை? மீசையாவது உங்களுதுதானே?"

"அது... பயிலரங்குல எல்லாரும் வச்சிருந்தாங்க."

"கல்யாணம்?"

"எங்க மாமா முடிவு பண்ணாரு."

அப்படி நேர்மையான மனிதர்! இன்னொருவர் செய்த எதற்கும் பெயர் வாங்கிக்கொள்ள மாட்டார். தான் செய்ததற்கும் மாட்டார். ஊரே ஒன்றுகூடி ஒரு மனிதரை மனசாரத் திட்டத் தவித்ததையும், முடியாமல் தோற்றதையும் நான் அன்றுதான் பார்த்தேன். ஐயாவும் எங்களோடு சேர்ந்து தவித்தார். "இன்னொண்ணு, இன்னொண்ணு பாருங்க" என்று கெஞ்சினார்.

இனி என் முறை. "தக்னேவ், பிடிச்சுக்கோ!"

சனிக்கிழமைப் பாட்டை நிறுத்தி எனானு வீட்டை மூடுறாரு;
சட்டை நெஞ்சை நிமித்திக்கிட்டு ‘நான்தான்’னு கூறுறாரு!

தக்னேவ் ஒரு கணம் என்னை முறைத்தான். பைத்தியமா உனக்கு என்று கண்ணாலேயே கேட்டான். பிறகு பாடினான். மிக மெதுவாக, மிக அழகாக, ஐயாவின் முகத்துக்கு நேரே குனிந்து பாடினான். பாட்டு தீர்ந்தது. வாசலில் நின்றவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். ஐயா ஆசையோடு குடுவையைத் தலைக்கு மேலே தூக்கினார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேர் கேட்கிறார்களே.

"அதை... என் முடிவுன்னு சொல்லிட முடியாது. அது ஒரு குழு..."

"எந்தக் குழுய்யா?" என்றேன்.

"இனிமேதான் அமைக்கணும்."

"மேலிடம்?"

"அவங்களுக்கு விஷயமே தெரியாது."

"அப்ப என் வீட்டை மூடறது யாரு?"

ஐயா ஒவ்வொரு பேராக எண்ணிப் பார்த்தார். தச்சர் இல்லை. காவல்காரர் இல்லை. மாமாவும் இல்லை.

"இப்போதைக்கு... யாரும் இல்ல."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" ஃபெந்தா பெஞ்சின்மேல் ஏறிவிட்டான். "எனானு அம்மா வீட்டை யாரும் மூடல! அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வாங்க, இடம் கிடைக்காது!"

அப்புறம் கிளம்பிய கூச்சலில் வுபாலெமின் மாமியார் பாதிரியாரையே கட்டிப்பிடித்துவிட்டாள். நான் மதுப் பானையைத் திறந்துவிட்டேன். முழங்கால்கள் இடித்தன, குடுவைகள் இடித்தன. ஐயா மட்டும் நடுவில், கை இறங்காமல், தூக்கிய குடுவையோடு நின்றிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார். "அப்ப என் பாட்டு?"

தக்னேவ் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தான்.

"பாட்டு தயாரா இருக்குய்யா. அதுக்குள்ள உக்கார ஒரு ஆளை அனுப்பி வைங்க."