எலிகளிடம் நான் பேசியது

தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவன் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும். சிலர் தொட்டிச் செடியிடம் பேசுவார்கள், சிலர் டிவியிடம். நான் எலிகளிடம் பேசினேன். அதில் வேலையே போகப் பார்த்தது.

சங்கரன்கோவிலிலிருந்து வந்து பாரிவாக்கத்தில் ஓர் ஒற்றையறை ஃபிளாட்டில் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த வேலை. அங்கே வளர்த்தது பரம்பரையாகவே கண் அழுத்த நோய் வருகிற எலிகளை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், விழித்திரையின் நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். எவ்வளவு பார்வை மிச்சம் என்று சோதிப்பது என் பொறுப்பு.

எலியைக் குட்டி மேடையில் விட்டு, சுற்றியுள்ள திரைகளில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிடுவோம். பார்வை உள்ள எலி கோடு போகிற பக்கம் தலையைத் திருப்பும். நானும் உற்சாகத்தில் கோட்டோடு சேர்ந்து சாய்ந்தபடியே எண்ணுவேன். (வாயும் கூடவே போகும்.) கிழட்டு எலிகள்கூட அருமையாகத் திரும்பின. வரிசையாக டிக் போட்டுத் தள்ளினேன்.

பக்கத்து அறையில் பூந்தமல்லி ஷமீம் அக்கா. அதே எலிகளின் விழித்திரையைப் பிற்பாடு மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் செல்களை எண்ணுகிறவர். ஆறு மாதத்தில் அவரிடம் நான் பேசியது குட்மார்னிங் மட்டும்தான். கூச்சம். வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடும்.

என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் குட்டு உடைந்தது. அக்காவின் எண்ணிக்கைப்படி அந்த எலிகளுக்குச் செல்களே பெரிதாக மிச்சமில்லை. என் குறிப்பிலோ கழுகுப் பார்வை. எங்கள் தலைமை விஞ்ஞானி மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், சீவும்போதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கவேண்டும் என்று எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அது போதாதென்று, வேண்டுமானால் சோதனையின் வீடியோவைப் பாருங்கள் என்று நானே எழுந்து போய் ஓடவிட்டேன். கேமராவில் ஒலியும் பதிவாகும் என்பது இந்த மேதைக்குத் தெரியாது.

பெரிய திரையில் எலி. பெரிய ஸ்பீக்கரில் நான்.

"சாப்டியாலே? எனக்கு இன்னைக்கும் உப்புமாதான். ரெண்டு நாளா ஒருத்தன்கூடப் பேசல. இந்த ஊர்ல என்னயத் திரும்பிப் பாக்கது நீ ஒருத்தன்தான்."

எலி சமர்த்தாகத் திரும்பியது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. மேடம் வீடியோவை நிறுத்தினார்.

"அது உங்களப் பாக்கல. நீங்க பேசறதக் கேட்டுத் திரும்புது."

இன்னும் உயிரோடிருந்த எலிகளை வைத்து எல்லாச் சோதனையையும் வாயை மூடிக்கொண்டு மறுபடி செய்வதற்காக மட்டும் மூன்று மாதம் நீட்டித்தார்கள். செய்தேன். கிழட்டு எலிகளில் ஒன்றும் திரும்பவில்லை. கோடுகள் பாட்டுக்கு ஓடின, எலிகள் வேறெங்கோ பார்த்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்ததை நான் நட்பு என்று எழுதி வைத்திருந்தேன். அந்த நாட்களைப் போல நான் வேறெப்போதும் தனியாக இருந்ததில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தார்.

"தப்பு சொன்னதுகூடப் பரவால்ல தம்பி. நான் பக்கத்து ரூம்லதான கீறேன், எலிகிட்ட போய்ச் சொல்லிகினு இருந்திருக்க."

அந்த வாரமே அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அதற்குள் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்றுவரை அந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் அக்கா, அவர் கணவர், இரண்டு பெண்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தலையை என் பக்கம் திருப்பி, மூக்கை லேசாக ஆட்டுவார்கள். மானம் போகும். இருந்தாலும் பேச்சை நிறுத்துவதில்லை. நால்வருக்கும் கண் நன்றாகத் தெரியும்.