தோணுதா சாரும் என் வெப்ராளமும்

ஆலோசனை என்று பலகை மாட்டியிருப்பவர் ஆலோசனை சொல்வார் என்று நம்பினேன். என்னைவிடப் பெரிய மண்டூகம் ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே கிடையாது. பார்வதிபுரத்தில் டயர் கடை மாடியில் 'தத்துவ ஆலோசனை' என்று எழுதிவைத்து உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், இந்த ஜில்லாவில் ஒரு உயிருக்கும் எந்த ஆலோசனையும் சொன்னதே இல்லை. பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்கள் கூடவே கேள்விகளையும் சுமந்துகொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள்.

கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் டயர் கடைக்காரருக்கே தெரியாது. தோணுதா சார் என்று கேட்டால்தான் படியைக் காட்டுவார். நாம் எதைச் சொன்னாலும் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது உமக்குத் தெரியுமா, தோணுதா?" என்பார். வியாதி டாக்டருக்கு, ஜாதகம் ஜோசியருக்கு, மனுஷன் தன் யோசனையில் தானே போட்டுக்கொள்ளும் முடிச்சு மட்டும் தனக்கு என்பது அவர் கொள்கை. கட்டணம் கிடையாது. கீழேயிருந்து ஒரு சாயா வரவழைத்துக் கொடுத்தால் போதும்.

ஒருவர் தன் அண்ணன் செய்வினை வைத்துவிட்டதாக அழுதுகொண்டு வந்தார். தென்னை காய்க்கவில்லையாம்.

"தெரியுமா, தோணுதா?"

"தோணுது சார்."

"தோணினத யாருட்ட எல்லாம் சொன்னீரு?"

"ஊரு பூரா சொன்னேன்."

"உம்ம அண்ணன் இப்பம் வெளிய எறங்கி நடக்க முடியுதா?"

"இல்ல சார். எல்லாரும் ஒரு மாதிரி பாக்காவ."

"அப்பம் யாரு யாருக்குவே வச்சது?"

வந்தவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

டயர் கடைக்காரர் கடையைப் பெரிதாக்கலாமா என்று கேட்கப்போய், "பெரிசாக்கின பொறவு என்ன செய்வீரு?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் முகட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பஞ்சர் ஒட்ட வந்த வண்டியெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிற்று.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது களியக்காவிளை சம்பந்தி போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் பறையணும். போன்ல வேண்டாம். நாளைக்கு நேர்ல வாரேன்."

வைத்துவிட்டார். மண்டபம், மேளம், சமையல் எல்லாம் பேசி, பத்திரிகையும் கொடுத்து முடித்த பெண்ணைப் பெற்றவனிடம் சொல்கிற வார்த்தையா இது? எனக்கு வெப்ராளம் பிடித்துக்கொண்டது. பதற்றம் என்று எழுதினால் அதில் பாதிதான் வரும். வெப்ராளத்தில் கையும் காலும் வேறு வேறு திசைக்குப் போகும். குளித்த தலையைத் துவட்டாமல் மறுபடியும் குளித்தேன். அதற்குள் மனசிலே கல்யாணம் நின்று, மண்டப வாசலில் நான் ஊராருக்குக் கைகூப்பி, பிரதமன் பாயசத்தை யாருக்கு ஊற்றுவது என்ற இடம்வரை வந்துவிட்டது.

"இஞ்ச நின்னு எங்கள கொல்லாதீங்க. அந்த சாருட்ட போய் நின்னு கொல்லுங்க" என்று என் வீட்டுக்காரி துரத்திவிட்டாள்.

"சார், கல்யாணம் நிக்கப்போவுது."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "தெரியுமா, தோணுதா?"

"பின்ன எதுக்கு சார் சம்பந்தி நேர்ல வாராரு?"

"அவருட்ட கேட்டீரா?"

"இல்ல."

"ஏன் கேக்கல்ல?"

"கேட்டு, ஆமா நிறுத்தப்போறோம்னு சொல்லிட்டா?"

"அப்பம் உமக்குக் காரியம் தெரியாண்டாம். பயந்துட்டே இருந்தா போரும்."

கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. "சார், ஒண்ணும் நடக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"அத நான் சொல்லப்பிடாதுவே" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். "கல்யாணம் உமக்கா, மகளுக்கா?"

"மகளுக்கு."

"போன் வந்தத அவகிட்ட சொன்னீரா?"

"பிள்ள பயந்துருவா சார்."

"பயந்துருவான்னு தெரியுமா..."

"சார், இன்னொரு தடவ அத கேட்டீங்கன்னா மாடியில இருந்து சாடிருவேன்!"

"சாடும். டயர் மேலதான் விழுவீரு."

திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் சம்பந்தி வந்தார். கொடுத்த சாயாவைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகன் வேலை பார்த்த துபாய் கம்பெனி மூடியாயிற்று. லீவில் வந்திருப்பதாகச் சொன்னதெல்லாம் பொய்.

"மறைச்சு வச்சுக் கெட்டிவைக்க மனசு வரல்ல அண்ணாச்சி. சொன்னா நீங்க நிறுத்திருவீங்கன்னு பயம். ஒறக்கமே இல்ல. நிச்சயதார்த்தத்தன்னைக்கு நீங்க ஒரு சாரப் பத்திச் சொல்லிச் சிரிச்சீங்கல்லா? அவருட்ட போனேன். 'நிறுத்திருவாவன்னு தெரியுமா, தோணுதா'ன்னாரு. தோணுதுன்னேன். 'அவருட்ட கேட்டீரா'ன்னாரு. படியெறங்கின உடனே உங்களுக்குத்தான் போன் போட்டேன்."

ஆக, என் வெப்ராளமே அந்த டயர் கடை மாடியில் உற்பத்தியானது! சம்பந்தி எழுந்துபோன நாற்காலியில் சூடு ஆறுமுன் சார் என்னை உட்காரவைத்து, ஒன்றும் அறியாதவர்போல் என் காசில் சாயா குடித்திருக்கிறார்.

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து மகள் வந்தாள்.

"மாமா, அது எனக்கு அப்பமே தெரியும். அவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. இங்கயே வேலை பாக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் மக்ளே சொல்லல்ல?"

"நீங்க வெப்ராளப்படுவீங்கல்லாப்பா."

சம்பந்தி ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

அன்று சாயங்காலமே மாடியேறிப் போய்க் கத்தினேன். "எல்லாம் தெரிஞ்சு வச்சுட்டு என்ன அங்ஙன வறுத்தெடுத்தீங்களே சார், ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

"ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்ட்ட சொல்லணும்னா நான் எதுக்குவே? அதுக்குத்தான் கீழ சாயாக்கட இருக்கே."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை இப்போது மார்த்தாண்டத்தில் வேலைக்குப் போகிறார். கல்யாணத்தின் முதல் பந்தியில், ஓரத்து இலையில் உட்கார்ந்திருந்த சாருக்கு அடைப்பிரதமனை நானேதான் வாளியெடுத்து ஊற்றினேன். போரும் போரும் என்று இலைமேல் கையை விரித்தார். கையை விலக்கி இன்னும் ஒரு கரண்டி விட்டேன்.