பூங்காவை எதிர்த்துக் கூட்டம் போட்ட கதை

லியோன் நகரத்துக் குளிரோடு குடித்தனம் நடத்தும் அன்புள்ள நஸீஹா அக்காவுக்கு, நம்மூர் ஸ்ஃபாக்ஸிலிருந்து தம்பி மோன்ஜி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காப்பில் இங்கே எல்லோரும் சுகம். மச்சானின் முட்டிவலிக்கு ஆலிவ் எண்ணெய் காய்ச்சி அனுப்பியிருக்கிறேன். போன தடவைபோல அதைச் சமையலில் ஊற்றிவிட வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், கடைவீதி நடுவில் நம் இருவர் பேரிலும் இருக்கிற வண்டி நிறுத்தும் மனையை, பூங்கா அமைக்க நகராட்சி விலைக்குக் கேட்கிறது. நீ கையெழுத்துப் போடாதே. நட்டநடு ஊரில் யாருக்கு அக்கா பூங்கா வேண்டும்? இதை ஊர் வாயாலேயே சொல்லவைக்கலாமென்று எதிர்ப்புக் கூட்டம் ஒன்று கூட்டினேன். ஞாயிறு மாலை வண்டிகளையெல்லாம் வெளியே அனுப்பி, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து, வாடகை நாற்காலிகளைப் போட்டேன். அங்கேதான் கோணல் ஆரம்பம். கடைக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். வெறும் மனையைக் கண்டதும் பிள்ளைகள் பந்தை உருட்ட, பெண்கள் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிக்கொள்ள, ஈரத்தரையில் கடற்காற்று வந்து படிய, மீன்கடை தவ்ஃபீக் பூங்காவை எதிர்த்துத் தொண்டை கிழியப் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. பாதியிலேயே அவரும் உட்கார்ந்து பூசணி விதை கொறிக்கத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்று பார்த்த நகராட்சிப் பொறியாளர் அம்மா மெதுவாக என்னிடம் கேட்டாள்: "எதிர்ப்புக் கூட்டம்னு சொன்னாங்களே, அது எந்தப் பக்கம் நடக்குதுங்க?"

நான் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டேன்.

எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் மப்ரூக்கா என்று ஒரு தையற்காரி இருக்கிறாள். அவள் புருஷன் ஷெத்லிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்று அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து சுவரோரமாக நடத்தினாள். கூட்டம் கலைந்த பிறகும் இருவரும் நடந்துகொண்டே இருந்தார்கள். கதவைப் பூட்டணுமே என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து, அண்ணே. தெருவுல எறங்குனா ஸ்கூட்டர்காரன் இடிக்க வர்றான், வீட்டுக்குள்ள நடந்தா கட்டில் இடிக்குது. இவரு மண்ணுல காலு வெச்சே ரொம்ப நாளாச்சு."

அதற்காக மனையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? இந்த வாசலில் நின்று நின்றே நான் மனுஷனானவன். வண்டி திரும்புகிற விதத்தைப் பார்த்தே உள்ளே இருக்கிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். வாசல் போய்விட்டால் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நான் எங்கே போவது? வீட்டிலேயே இருக்கலாமே என்கிறாள் என் மனைவி சலுவா. சொல்லும்போதே அவள் முகத்தில் கலவரம் தெரிகிறது. ஆகவே அக்கா, யார் வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஆண்டவன் உன் வீட்டை எந்தப் பனியிலும் வெதுவெதுப்பாக வைக்கட்டும்.

உன் தம்பி,
மோன்ஜி

பி.கு.: நீ திட்டுவாய், தெரியும். என் பங்குக்கு நேற்றே சம்மதம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேண்டாமென்பதற்கு என்ன காரணமெல்லாம் இருக்கிறதென்று எழுதிப் பார்த்தேன். மேலே எழுதியிருக்கிற அவ்வளவுதான் தேறியது. நீயும் கையெழுத்துப் போட்டுவிடு. இன்று காலை ஒரு வண்டிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்தார். உள்ளே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உள்ளே ஒரு வண்டிகூட இல்லை, அக்கா. ஷெத்லி நடந்துகொண்டிருந்தார்.