சூறாவளியும் தென்றலும் பேசிக்கொள்ளாத தெரு

விசுவாசம் என்றால் என்ன என்று மனித குலத்துக்குக் கற்றுத் தந்தவை மதங்களும் அல்ல, ராணுவங்களும் அல்ல, மிக்ஸி கம்பெனிகள்தாம். சந்தேகம் உள்ளவர்கள் திருப்புளியின் வரலாற்றைப் படிக்கவும்.

திருப்புளி என்பது பட்டப்பெயர். 'சூறாவளி' மிக்ஸியின் 'அங்கீகரிக்கப்பட்ட' சர்வீஸ் சென்டரில் இருபத்திரண்டு வருடம் திருப்புளியும் கையுமாக இருந்ததால் வந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் 'தென்றல்' மிக்ஸியின் சர்வீஸ் சென்டர். அங்கே மெக்கானிக், திருப்புளியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். இருவரும் பேசிப் பதினோரு வருடம். சொத்துத் தகராறு போன்ற அற்பக் காரணம் எதுவும் இல்லை. "சூறாவளி போடுற சத்தத்துல காது போயிடும்" என்றார் மச்சான். "தென்றல் எங்க அரைக்குது, தடவிக் குடுக்குது" என்றார் இவர். அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்ட மனைவி, அண்ணனுக்காகக் கணவனையும் கணவனுக்காக அண்ணனையும் திட்டிக் களைத்து, அண்ணன் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

இந்தப் பகையைக் கம்பெனிகள் கண்ணும் கருத்துமாக வளர்த்தன. ஆண்டுக் கூட்டத்தில் சூறாவளியின் மண்டல மேலாளர் மேசையைத் தட்டி, "தென்றல்னு வாயால சொல்றவன் நம்ம ஆளே இல்லை!" என்று முழங்குவார். அதன்பின் ஜன்னல் வழியே என்ன சுகமாக அடித்தாலும் திருப்புளி "காத்து வருது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெஸ் நடத்தும் அம்மா ஒருவர் முப்பது வருடப் பழைய சூறாவளியை இடுப்பில் குழந்தை போல வைத்துக்கொண்டு வந்தார். ஜாரைச் சுழற்றும் கப்ளர் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. திருப்புளி தலைமையகத்துக்குப் போன் போட்டார்.

"பழைய மாடலாம். கப்ளர் வர மூணு மாசம் ஆகுமாம்மா."

"மத்தியானம் நாப்பது பேர் சாப்பிட வராங்க. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லவா?"

"புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க."

அந்த அம்மா மறுபேச்சு பேசாமல் தெருவைக் கடந்து தென்றலுக்குப் போனார். மச்சான் இரண்டடி பின்வாங்கி, "எதிரி கம்பெனிப் பொருளை நாங்க தொடவே கூடாதும்மா" என்றார். திரும்பியவர் நடுத்தெருவில் மிக்ஸியை இறக்கி, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"நல்லா அடிப்பா," என்றார் அவர். "ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது காது கேக்கட்டும்."

திருப்புளிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இருபத்திரண்டு வருட விசுவாசத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்படி ஏறினார்.

"மச்சான்... ஒரு கப்ளர் குடுங்க."

மச்சான் ஏற இறங்கப் பார்த்தார். "எங்களது உங்களதுல பொருந்தாது மாப்ள."

பொருந்தியது. அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மிக்ஸி உறுமியதும், நன்றி சொல்லக்கூட நேரமின்றி அந்த அம்மா ஓடினார்.

மெக்கானிக்குகள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சூறாவளியையும் ஒரு தென்றலையும் அக்கக்காகக் கழற்றினார்கள். ஒரே மோட்டார். ஒரே பிளேடு. ஒரே அச்சு எண். அடித்தட்டில் 'எச்சரிக்கை' என்பதை 'எச்சரிகை' என்று பொறித்திருந்ததே, அந்தத் தவறுகூட ஒன்றுதான்.

"அப்போ சத்தம்?" என்றார் மச்சான். மறுபடி மாட்டி, இரண்டையும் ஓடவிட்டுக் கேட்டார்கள். ஒரே சத்தம்.

மிக்ஸிகளை நிறுத்திவிட்டு மச்சான் கேட்டார்: "பொண்ணு என்ன படிக்கிறா மாப்ள?"

"படிச்சு முடிச்சு வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு மச்சான்."

மச்சான் ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விஷயம் மேலிடத்துக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெஸ் அம்மா மறக்காமல் நன்றிக் கடிதம் எழுதியிருந்தார், இரண்டு கம்பெனிகளுக்கும். விசாரணைக்கு இருவரையும் ஒரே நாளில் அழைத்தார்கள். சூறாவளித் தலைமையகத்துக்கு வடக்கு வாசல். தென்றல் தலைமையகத்துக்குத் தெற்கு வாசல். உள்ளே ஒரே அறை, ஒரே மேசை, ஒரே அதிகாரி. அவர் முன்னால் இரண்டு பக்கமும் எழுதிய ஒரு பெயர்ப்பலகை.

அதிகாரி பலகையைச் சரிசெய்தார். "சூறாவளி சார்பா கேக்கறேன். பகைவன்கிட்ட ஏன் கை நீட்டினீங்க?" பலகையைத் திருப்பினார். "தென்றல் சார்பா கேக்கறேன். பகைவனுக்கு ஏன் கை குடுத்தீங்க?"

"அந்தப் பகைவன் யாரு சார்?" என்றார் திருப்புளி.

"நாங்கதான். ஆனா பலகை இந்தப் பக்கம் இருக்கும்போது நாங்க இல்லை."

'நிறுவனத்தின் மாண்பைக் குலைத்த' குற்றத்துக்காக இருவருக்கும் பணிநீக்க உத்தரவு வழங்கப்பட்டது. அதிகாரி கருணையே உருவானவர், விளக்கமும் தந்தார். "ஒரே பொருளுக்கு ஏன் ரெண்டு பெயர் வெச்சோம்? ஜனங்களுக்குத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் வேணுமில்லையா? அதுக்கு நாங்க எவ்வளவு உழைச்சிருக்கோம் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றார் திருப்புளி, மச்சானின் கையைப் பிடித்து எழுப்பியபடி. "ஃபேக்டரி ஒண்ணு, மோட்டார் ஒண்ணு, முதலாளி ஒருத்தர். நீங்க நெஜமாவே ரெண்டாப் பிரிச்சது எங்க குடும்பத்தை மட்டும்தான்."