ரத்துக்காரர்

எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ரத்துக்காரர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ம்’ என்பார். அது சம்மதமா? அவருக்கே தெரியாது. சுவருக்குப் பச்சை அடிக்கப் போகிறோம் என்றால் ‘ம்’. பெயிண்ட் வாங்கி, சாரம் கட்டி, ஆள் வந்து இரண்டு சுவரை அடித்து முடித்து டீ குடிக்க உட்காரும்போதுதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பார். “யாரைக் கேட்டுப் பண்ணீங்க?”

இந்த இனத்தில் முதல் ரகம் எங்கள் திண்டிவனம் டயர் கடை சவரிநாதன். போன மழைக்காலத்தில் அவர் மகள் மெர்லினுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன அன்று, பிள்ளை பிழைத்தால் செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார் தாய் அமலோற்பவமேரி. அன்று மாலையே கணவரிடமும் சொன்னார். அவர் என்ன சொல்லியிருப்பார்? அதேதான்.

பிள்ளை பிழைத்தாள். வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்டும் வந்தது. அமலோற்பவமேரி காவிப் புடவை எடுத்து, நடந்து போகிற குழுவில் பெயர் கொடுத்து, வெறுங்காலில் கிளியனூர் வரை இரண்டு தடவை போய்ப் பழகி, பத்து நாளைக்கு வீட்டுச் சோற்றுக்கும் வழி செய்து, மூட்டை கட்டி வாசலுக்கு வந்த பிறகு, வழியனுப்ப வந்த எங்கள் எல்லார் முன்னாலும் சவரிநாதன் இடுப்பில் கை வைத்தார்.

“யாரைக் கேட்டு நேந்துக்கினே?”

இந்தத் தடவை அவர் கையில் சட்டம் வேறு இருந்தது. “போன ஞாயித்துக்கிழமை கோயில்ல உபதேசியாரே சொன்னாரு. யூதருங்க சட்டத்துல, பொண்டாட்டி நேந்துக்கினத புருசன் ரத்து பண்ணலாம். பண்ணிட்டேன். மூட்டைய அவுரு.”

அமலோற்பவமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை உயிருக்காகக் கொடுத்த வாக்கு அல்லவா? எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மெர்லின் மட்டும் நிதானமாக இருந்தாள். “நீங்க பாதியிலயே டீ குடிக்கப் போயிட்டீங்கப்பா. மீதிய நான் கேட்டுக்கினு இருந்தேன். சேதி காதுல வுழுந்த அன்னிக்கே ரத்து பண்ணணுமாம். பொழுது சாஞ்சிட்டா, புருசன் சும்மா இருந்ததே சம்மதமாம்.”

“அப்பறமா ரத்து பண்ணா?” என்றார் சவரிநாதன்.

“நேந்தத செய்யாத குத்தத்த புருசன் சுமக்கணுமாம்.”

அமலோற்பவமேரி கண்ணைத் துடைத்தார். மூட்டையை அவிழ்க்கவில்லை. கொண்டுபோய்க் கணவரின் காலடியில் வைத்தார். “அப்ப சரிங்க. எனக்குப் பதிலா நீங்களே நடங்க. செருப்ப மட்டும் கழட்டிடுங்க.”

தெருமுனைப் பெட்டிக்கடைக்கே பைக்கில் போகிறவர் சவரிநாதன். தன் பாதத்தைப் பார்த்தார். தார் ரோட்டைப் பார்த்தார்.

“நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? ஜல்தியா கெளம்பு, குழு போயிடப் போவுதுன்னு சொல்லத்தான் வந்தேன்” என்றார். குழு நிற்கும் மாதா கோயில் வரைக்கும் மூட்டையை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பைக்கில்தான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் ‘ம்’ என்றீர்கள். என்னவென்று நினைவிருக்கிறதா? பொழுது சாய்வதற்குள் எழுந்து போய்க் கேட்டுவிடுங்கள்.