வாடகை வீட்டுக்கு ஆணி விற்காதவர்

சூப்பிரண்டு மகனே, நீ போன மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னது பச்சைப் பொய். ஆணி அண்ணாச்சி கமிஷன் வாங்கிக்கொண்டு வாடகைக்காரர்களை வீட்டுக்காரர்கள் மேல் ஏவிவிட்டவர் என்றாய். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அங்கேயே கேட்டிருப்பேன், அதற்குள் வடையும் டீயும் வந்து கூட்டம் கலைந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வாசகர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஆணிக் கடை வைத்துக்கொண்டு ஆணி விற்க மறுத்த ஒரே மனிதர் அவர்தான். எழுபதுகளில் பழவங்காடிப் பக்கம் கடை. சொந்த ஊர் நாகர்கோவிலை அடுத்து ஏதோ ஒன்று. உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை. கடைக்குப் போனால் அவர்தான் நம்மைக் கேட்பார்.

"சொந்த வீடா, வாடகை வீடா?"

"வாடகைதான் அண்ணாச்சி."

"அப்ப ஆணி கிடையாது. கயிறு தாரேன், ஜன்னல் கம்பியில கெட்டித் தொங்கப் போடும்."

"சும்மாவா கேக்கேன்? காசு தாரேன்லா?"

"இன்னைக்கு எனக்கு நாலணா தருவீரு. காலி பண்ணுத அன்னைக்கு வீட்டுக்காரன் ஓட்டைக்கு அஞ்சு ரூபா பிடிப்பான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்வே."

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வாடகைச் சீட்டில் தொகை இருக்கும், தேதி இருக்கும், சுவர் இருக்காது. எந்த ஓட்டை யார் காலத்தது என்று யாருக்குத் தெரியும்? அட்வான்ஸ் ஓட்டை ஓட்டையாகக் கரைந்துவிடும். அண்ணாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யார் குடிவந்தாலும் பால் காய்ச்சும் முன் நோட்டோடு போய் நிற்பார். ஒவ்வொரு ஓட்டையையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, அறை அறையாக எழுதி, இரண்டு பக்கத்திடமும் கையெழுத்து வாங்குவார். அதற்கு அவர் வைத்த பெயர் சுவர் ஜாதகம். கூலி ஒரு டம்ளர் காபி. சர்க்கரை குறைந்தால் இன்னொரு டம்ளர்.

வாடகைக்காரருக்கு மட்டும் பேசியவரா? ஹோட்டல் சரக்கு மாஸ்டர் ஒருவர் காலி செய்தபோது பதினோரு ஓட்டையைச் சோப்பால் அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டார். அண்ணாச்சி சுவரில் மூக்கை வைத்தார். "என்னவே, சுவரு குளிச்சிருக்கு?" என்றார். பதினோரு ஓட்டைக்கும் மாஸ்டர்தான் காசு கொடுத்தார்.

இனி என் கதை. உன் அப்பாவின் பழைய வீட்டுக்கு நான் குடிவந்த அன்று அண்ணாச்சி நோட்டோடு வந்தார். நான் துணிக்கடைக் கணக்கன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. "சூப்பிரண்டு சார் பெரிய மனுஷர். அவருட்ட போய் ஓட்டை எண்ணுவாங்களா?" என்று திருப்பி அனுப்பினேன்.

"சரிடே. ஆனா சுவரு பேசாது, பாத்துக்கோ" என்று போய்விட்டார்.

மூன்று வருஷம் போயிற்று. என் மனைவிக்கு எட்டாம் மாதம். கிணறு தெருக்கோடியில், அவளால் தண்ணீர் இறைக்க முடியவில்லை. குழாய் உள்ள ஒரு வீடு கிடைத்தது. நூற்றைம்பது ரூபாய் அட்வான்ஸ்; மாலைக்குள் கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. எனக்கென்று இருந்தது உன் அப்பாவிடம் கொடுத்து வைத்த இருநூறு ரூபாய்தான். காலையில் வந்து கேட்டேன். நீ ஒரு பட்டியலை நீட்டினாய். நாற்பத்திரண்டு ஓட்டை, இருநூற்றுப் பத்து ரூபாய். "இனி நீங்கதான் பத்து ரூபா தரணும்" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

அண்ணாச்சியிடம் ஓடினேன். "ஜாதகம் வேண்டாம்னு சொன்ன மூளை இப்ப எங்கடே? கூட கொண்டாந்திருக்கியா?" என்று திட்டிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

நீங்கள் புதிதாகக் கட்டியிருந்த வீட்டின் முன்னறை முழுக்கக் குடும்பப் படங்கள். அண்ணாச்சி அட்வான்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன் அம்மாவிடம், "அம்மா, வரிசை எங்கியோ இடிக்குதே. சின்னவங்க மேல, பெரியவங்க கீழயா?" என்றார்.

"அதத்தான் நானும் பறையுதேன்! இவன் தோணினபடி மாட்டிட்டான். பழைய வீட்டில எப்படி இருந்துது தெரியுமோ?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாங்க, காட்டித் தாரேன்."

உன் அம்மா முற்றத்தைக் கடந்து பழைய வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். சுவர் சுவராக விரலை வைத்தார். "இவிட வலிய அம்மாவன், பெரிய தாய்மாமன். இது அவருக்க பெண்டாட்டி. இது அவருக்க ஆனை."

"ஆனைக்கும் படமா?"

"ஆனைக்கு ரெண்டு ஆணி. கனம்லா!"

அண்ணாச்சி வட்டம் போட்டுக்கொண்டே போனார். வாசலில் நின்ற உன் அப்பா இருமினார். மறுபடியும் இருமினார். அம்மா நிற்கவில்லை. "உங்களுக்கு இருமல்னா போய்ச் சுக்குவெள்ளம் குடியுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நாற்பது ஓட்டை உன் வம்சத்துக்கே சரியாகப் போயிற்று.

மீதி இரண்டு. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இது யாருடே? உன் மாமனாரா?"

ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் காலண்டர். வேறு கடையில் ஆணி வாங்கி நான் அடித்தவை. ஒப்புக்கொண்டேன்.

"ரெண்டு ஓட்டைக்குப் பத்து ரூபா பிடிச்சுக்கிடுங்க சார். மிச்சத்த இவன் கையில குடுங்க" என்றார். நூற்றுத்தொண்ணூறு ரூபாய் வந்தது. அன்று மாலை குழாய் வீடு எங்களுடையது. அங்கேதான் என் மகள் பிறந்தாள். பணம் கைக்கு வந்ததும் நான் அண்ணாச்சிக்கு ஐந்து ரூபாய் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய். வேறு கடையில் ஆணி வாங்கிய குற்றத்துக்கு அண்ணாச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சில வருஷம் கழித்துச் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். கடைக்குப் போனேன்.

"சொந்த வீடா, வாடகை வீடா?"

"சொந்தம், அண்ணாச்சி."

தராசைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அள்ளி என் பையில் கொட்டினார். "எங்க வேணும்னாலும் அடிடே. ஒருத்தனும் எண்ண மாட்டான்."

சூப்பிரண்டு மகனே, அவர் யாரிடம், எந்த வீட்டில், எவ்வளவு கமிஷன் வாங்கினார்? உன் பெயரைப் போட்டு இதே பத்திரிகையில் பதில் எழுது. வெட்டி மாட்டி வைக்க என் முன்னறையில் ஓர் ஆணியைக் காலியாக விட்டிருக்கிறேன். அவர் அள்ளிக் கொடுத்ததில் ஒன்று. இன்னும் ஆடவில்லை.